நிறம் வந்தும் டெட்ரா சாவது ஏன்?

காரைக்குடி போர் தண்ணீரில் கார்டினல் டெட்ரா என்ற தொட்டி மீன் நாலே நாளில் சாகிறது, தண்ணீரைப் புளிப்பாக்கப் பாதாம் இலை போட்டு டீ நிறம் வந்தும் பிழைக்கவில்லை என்றீர்கள். இலையில் தப்பில்லை. இந்த மீனின் ஊர் பிரேசிலின் ரியோ நெக்ரோ ஆறு. அதன் கரையிலுள்ள பார்சேலோஸ் பக்கம் இதைப் பிடித்து விற்றே பிழைக்கும் குடும்பங்கள் உண்டு. அந்த ஆற்றில் சுண்ணாம்பு கிட்டத்தட்டக் கிடையாது. அதனால் மட்கிய இலையின் புளிப்பு அப்படியே நிற்கும், பிஎச் (புளிப்பின் அளவு, எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 5ஐ ஒட்டியோ அதற்குக் கீழோ இருக்கும். உங்கள் தண்ணீரின் கடினத்தன்மை, அதாவது அதில் கரைந்த சுண்ணாம்பு, அந்தப் புளிப்பை விழுங்கிவிடுகிறது. நிறம் மட்டும் மிச்சம்.

மழைத் தண்ணீரில் சுண்ணாம்பு கிட்டத்தட்டக் கிடையாது. வீட்டில் முற்றம் இருக்கிறதல்லவா? முதல் மழையை விட்டுவிட்டு அடுத்ததைப் பிளாஸ்டிக் டிரம்மில் பிடியுங்கள். ஆச்சியின் செம்பு அண்டா வேண்டாம், செம்பு மீனுக்கு நஞ்சு. அப்புறம், அந்த மழைத் தண்ணீரைத் தொட்டியில் தினம் கொஞ்சமாகக் கலந்து மாற்றுங்கள்.