ஒரு தொன் பிரஸ் ஒரு தொன் அழுத்துமா? வாங்குவோர் கேள்வி-பதில்

சென்ற மாதம் தண்ணீர் பம் திருத்துவது பற்றிய பதிலொன்றில், "பெயாரிங்கைச் சுத்தியலால் அடித்துப் பூட்டாதீர்கள், ஒரு சின்ன ஆர்பர் பிரஸ் வாங்கி வையுங்கள்" என்று போகிற போக்கில் எழுதிவிட்டேன். அதற்குப் பிறகு வந்த கேள்விகளில் பாதி அந்த ஒரு வரியைப் பற்றியே. சரி, இந்த முறை முழுக்க அந்தப் பிரஸ்தான்: பெயாரிங் போன்றவற்றைக் கையால் அழுத்திப் பூட்டும் சிறு இயந்திரம்.

கேள்வி: திருகோணமலை அனுராதபுரச் சந்திக்குப் பக்கத்தில் மோட்டார் சைக்கிளும் தண்ணீர் பம்மும் திருத்தும் சிறு கடை வைத்திருக்கிறேன். ஹார்ட்வெயார் கடையில் அரைத் தொன், ஒரு தொன், இரண்டு தொன் என்று மூன்று அளவு காட்டினார்கள். பெரியதை வாங்கினால் எல்லா வேலைக்கும் உதவும்தானே?

பதில்: அந்த எண்ணை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். ஆர்பர் பிரஸ்ஸில் மோட்டோரும் இல்லை, ஒயில் பம்பும் இல்லை. முன்பக்கம் வாய் திறந்த ஒரு வார்ப்பிரும்பு உடல், அதன் மேலே ஒரு பற்சில்லு, பற்சில்லைச் சுற்ற ஒரு நீளப் பிடி, பல் வெட்டிய ஒரு சதுரத் தண்டு, அவ்வளவுதான். பிடியை இழுத்தால் தண்டு கீழே இறங்கி அழுத்தும். அழுத்துவது உங்கள் கை. இயந்திரம் அதைச் சில மடங்கு பெருக்கித் தருகிறது. எத்தனை மடங்கு என்பதைக் கடையிலேயே நின்று அளந்துவிடலாம்.

ஒரு அளவு நாடா கொண்டு போங்கள். பற்சில்லின் நடுவில் இருந்து பிடியின் நுனி வரை 40 சென்ரிமீற்றர் என்று வைப்போம். பிடியைக் கால் சுற்று இழுத்தால் அதன் நுனி ஏறக்குறைய 63 சென்ரிமீற்றர் தூரம் போகும். அதற்குள் தண்டு எவ்வளவு இறங்கியது என்று பாருங்கள். 2.4 சென்ரிமீற்றர் இறங்கினால், 63ஐ 2.4ஆல் வகுக்க வரும் 26தான் பெருக்கம். நீங்கள் 30 கிலோ பாரத்துக்கு இழுத்தால் கீழே 780 கிலோ. உராய்வு அதிலும் கொஞ்சம் தின்னும். இந்தப் பிரஸ்ஸின் நெற்றியில் "1 தொன்" என்று எழுதியிருந்தால், அந்த ஒரு தொன்னை எடுக்க 40 கிலோவுக்கு மேல் இழுக்க வேண்டும். இரண்டு கையாலும் தொங்கினால் முடியும். நாள் முழுக்க முடியாது. கடைக்காரர் பொய் சொல்லவில்லை. அந்த எண் உடல் தாங்கும் பாரம், உங்கள் தோளைக் கேட்டு எழுதியதல்ல.

இனி உங்கள் வேலை. பம் மோட்டோர்களில் அதிகம் வருவது 6202, 6203 என்ற இலக்கப் பெயாரிங்குகள். 6203 என்றால் உள்விட்டம் 17 மில்லிமீற்றர், வெளிவிட்டம் 40, தடிப்பு 12. சுத்தமான ஷாஃப்டில் இதைப் பூட்டச் சில நூறு கிலோ அழுத்தம் போதும். ஆகவே பலத்துக்கு ஒரு தொன் தாராளம். உங்களுக்குத் தட்டுப்பாடு வரப்போவது உயரத்திலும் வாயின் ஆழத்திலும். ரோட்டரை (மோட்டோரின் சுழலும் பகுதி) நிமிர்த்தி வைத்து அதன் மேல் பெயாரிங்கையும் அதை அழுத்தும் குழாயையும் வைத்தால் அந்த உயரம் தண்டுக்கும் மேசைக்கும் இடையில் அடங்க வேண்டும். அரைத் தொன் பிரஸ்கள் பலவற்றில் அடங்காது. நாளை கடைக்குப் போகும்போது ஒரு பழைய ரோட்டரைப் பையில் போட்டுக்கொண்டு போய் அங்கேயே வைத்துப் பாருங்கள். சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

வாயின் ஆழமும் அப்படித்தான். தண்டின் நடுவுக்கும் பின்சுவருக்கும் இடையில் 10 சென்ரிமீற்றர் என்றால், 20 சென்ரிமீற்றருக்கு மேல் விட்டமுள்ள எதையும் நடுவில் வைத்து அழுத்த முடியாது. மோட்டார் சைக்கிளின் 18 அங்குல றிம்மின் பாதி மட்டும் 23 சென்ரிமீற்றர். சில்லுப் பெயாரிங்கை றிம்மோடு வைத்து இந்தப் பிரஸ்ஸில் பூட்டலாம் என்ற எண்ணம் இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். இரண்டு தொன் வாங்கினாலும் பெரும்பாலும் நடக்காது. கார் ஹப் பெயாரிங்குக்கு இது ஆகவே ஆகாது. அதற்கு இரும்புச் சட்டத்தில் ஜக் பூட்டி, ஒயில் அழுத்தத்தால் தள்ளும் ஹைட்ரோலிக் பிரஸ்தான், 10 தொன்னுக்கு மேல்.

அப்படியானால் நேரே ஹைட்ரோலிக்கையே வாங்கினால் என்ன என்று கேட்பீர்கள். வாங்கலாம். ஆனால் ஜக்கை அடிக்கும்போது கைக்கு ஒன்றும் தெரியாது. பெயாரிங் சரிந்து ஏறினாலும் ஜக் தள்ளிக்கொண்டே போகும். ஆர்பர் பிரஸ்ஸில் சரிந்த கணத்திலேயே பிடி இறுகுவது உள்ளங்கையில் தெரியும், நிறுத்திவிடலாம். சிறு வேலைக்கு இதை நான் விரும்புவது அதனால்தான்.

ஒன்றை மறக்காதீர்கள். ஷாஃப்டில் ஏற்றும்போது உள்வளையத்தில் மட்டும் அழுத்துங்கள், பெயாரிங் உட்காரும் குழிக்குள் (ஹவுசிங்) இறக்கும்போது வெளிவளையத்தில் மட்டும். மாறி அழுத்தினால் பாரம் முழுதும் குண்டுகள் வழியாகப் போய், அவை ஓடும் பாதையில் குழி விழும். பம் ஒரு மாதத்தில் கரகரவென்று திரும்பி வரும், வாடிக்கையாளர் பெயாரிங் போலி என்று சண்டை பிடிப்பார். பழுதான பெயாரிங்குகளின் வளையங்களை எறியாமல் வைத்திருங்கள், அழுத்துவதற்கு அவையே நல்ல கருவி.

கேள்வி: கிண்ணியாவில் படகு எஞ்சின் திருத்துகிறேன். பழைய இரும்புக் கடையில் ஒரு பிரஸ் கிடக்கிறது. புதியதன் பாதி விலை சொல்கிறார்கள். பாவித்ததை நம்பி எடுக்கலாமா?

பதில்: எடுக்கலாம். பழைய வார்ப்புகள் சில இப்போது வரும் மெல்லிய உடல்களைவிடத் திறம். ஆனால் எனக்கு நடந்ததைக் கேட்டுவிட்டு எடுங்கள்.

பல வருடங்களுக்கு முன் நானும் இப்படித்தான் பச்சைப் பெயின்ற் பளபளக்கும் ஒன்றை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தேன். மூன்றாவது வாரம் ஒரு புஷ்ஷை அழுத்தும்போது "டக்" என்றது. வாயின் உள்மூலையில் பெயின்ற் மயிரிழை மாதிரி வெடித்திருந்தது. சுரண்டிப் பார்த்தால் உள்ளே பித்தளை நிறத்தில் ஒரு கோடு. யாரோ எப்போதோ உடைத்து, ஒட்டி, மேலே தடிப்பாகப் பெயின்ற் அடித்திருக்கிறார்கள். விற்றவரிடம் போனேன். "பாவித்த சாமான்தானே அண்ணை, பார்த்துத்தானே எடுத்தீங்கள்" என்றார். பற்றுச்சீட்டும் இல்லை. திரும்பி வந்தேன்.

அழுத்தும்போது அந்த உடல் வாயைத் திறக்கப் பார்க்கும். அப்போது உள்மூலை இழுபடும். வார்ப்பிரும்பு நசுக்கலைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. வெடித்தால் அங்கேதான் வெடிக்கும். அதனால் முதலில் அங்கே பாருங்கள். பெயின்ற் அந்த மூலையில் மட்டும் தடிப்பாக இருந்தால் ஒரு சாவியால் சுரண்டக் கேளுங்கள். விடமாட்டேன் என்றால் வீட்டுக்கு வாருங்கள். சுரண்ட விட்டால் அந்த இடத்தில் மண்ணெண்ணெய் தடவி ஐந்து நிமிடம் விட்டு, துணியால் நன்றாகத் துடைத்து, வெண்கட்டித் தூளைப் பூசுங்கள். வெடிப்பு இருந்தால் உள்ளே போன எண்ணெய் மெல்ல ஊறி வெள்ளையில் ஒரு ஈரக் கோடு போடும். ஒரு சின்னச் சுத்தியலால் உடலைத் தட்டியும் பாருங்கள். நல்ல வார்ப்பு மணி மாதிரிக் கேட்கும், வெடித்தது உடைந்த சட்டி மாதிரி.

அடுத்தது தண்டு. முழுதாகக் கீழே இறக்கி நுனியைப் பிடித்து ஆட்டுங்கள். கொஞ்சம் ஆடினால் பயமில்லை, பக்கத்தில் இருக்கும் சிறு திருகாணிகளை இறுக்கிச் சரிசெய்யலாம். அவை ஏற்கெனவே கடைசி வரை இறுகி, இன்னும் ஆடினால் தேய்ந்துவிட்டது. பற்களில் நடுப்பகுதியைக் கவனியுங்கள். எல்லோரும் ஒரே உயரத்தில்தான் வேலை செய்வார்கள், அதனால் அந்த நாலைந்து பல்தான் தேயும், உடையும். மேலேயும் கீழேயும் புதிது மாதிரி இருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

துரு இருந்தால் விலையைக் குறைக்கப் பேசுங்கள், வேண்டாம் என்று விட வேண்டியதில்லை. மேல்துரு ஒரு பிற்பகல் வேலை.

கேள்வி: எங்கள் ஆய்வுகூடத்துக்கு ஒரு கைப்பிரஸ் வாங்கக் கேட்டிருக்கிறார்கள். இரண்டு வேலை: றப்பர் தாளில் இருந்து இழுவைச் சோதனைக்கு மாதிரி வெட்டுவது, செந்நிறக்கீழ்க் கதிர் (இன்ஃப்ராரெட்) சோதனைக்குப் பொற்றாசியம் புரோமைட்டு வில்லை செய்வது. ஒரே இயந்திரம் இரண்டுக்கும் போதுமா? (ஓர் ஆய்வுகூட உதவியாளர், திருகோணமலை)

பதில்: முதல் வேலைக்கு அருமை, இரண்டாவதுக்குப் போதாது.

13 மில்லிமீற்றர் அச்சில் அந்த உப்புத்தூளை அழுத்தித் தெளிவான வில்லை வர 8 முதல் 10 தொன் வரை கொடுப்பது வழக்கம். ஒரு தொன் ஆர்பர் பிரஸ் அதில் பத்தில் ஒரு பங்கைத்தான் தரும். பாரத்தைப் பிடித்தபடி ஓரிரு நிமிடம் நிற்கவும் வேண்டும், கையால் தொங்கிக்கொண்டு அது நடக்காது. வரும் வில்லை சுண்ணாம்பு மாதிரி வெளுத்து, ஒளியைச் சிதறடிக்கும். அதற்கு அழுத்தமானி உள்ள ஹைட்ரோலிக் வில்லைப் பிரஸ்ஸைத் தனியாகக் கேளுங்கள். இரண்டையும் ஒரே வரியில் "பிரஸ் – 1" என்று எழுதி அனுப்பினால் குறைந்த விலைக்காரர் எதைக் கொண்டுவந்து இறக்குவார் என்று சொல்லத் தேவையில்லை.

றப்பர் வெட்ட ஒரு தொன் ஆர்பர் பிரஸ் எடுங்கள். மின்சாரம் வேண்டாம், ஒயில் ஒழுகாது, மேசை ஓரத்தில் இருக்கும். இறங்கும் தண்டின் நுனியில் கருவி பூட்டத் துளை இருக்கிறதா என்று பார்த்துக் கேளுங்கள். எல்லாவற்றிலும் இருக்காது. வெட்டும் அச்சுக்குக் கீழே இரும்பு மேசையை நேராக விடாமல் ஒரு பொலித்தீன் பலகையை வையுங்கள், இல்லாவிட்டால் முதல் நாளே கூர் மழுங்கும். ஒரே அழுத்தில் வெட்டுங்கள். இரண்டாம் முறை அழுத்தினால் ஓரத்தில் சின்னப் படி விழும், சோதனையில் மாதிரி அந்த இடத்தில்தான் அறும், பிறகு றப்பரைக் குறை சொல்வோம்.

கேள்வி: பிடியில் பைப் செருகி நீட்டினால் கூடுதல் பலம் வருமே?

பதில்: வரும். உடலும் உடையும். உடையும்போது பைப்பைப் பிடித்தவர் முகம் அதற்கு நேரே இருக்கும். பைப் தேவைப்படுகிறது என்றால் அந்த வேலைக்கு அந்தப் பிரஸ் சிறியது.

கேள்வி: முகநூலில் விளம்பரம் பார்த்து ஒரு தொன் பிரஸ் ஒன்றை வரவழைத்தேன். தண்டு மேசையில் நேராக இறங்கவில்லை, ஒரு பக்கம் இடைவெளி தெரிகிறது. விற்றவர் முதலில் "பார்க்கிறேன்" என்றார், இப்போது வட்ஸ்அப்பில் பதிலே இல்லை. (உப்புவெளி வாசகி)

பதில்: சண்டைக்குப் போகும் முன் ஒரு விடயம். மேசையில் வெட்டுகள் உள்ள வட்டத் தட்டு ஒன்று இருக்கும், அதைக் கழற்றி அடிப்பக்கத்தைப் பாருங்கள். மலிவு விலைப் பிரஸ்களில் அங்கே பெயின்ற் கட்டியோ வார்ப்புப் பிசிரோ இருக்கும். அதை அரத்தால் தேய்த்துவிட்டால் பாதிச் சரிவு போய்விடுவதுண்டு. பிறகு தண்டின் பக்கத் திருகாணிகளை இறுக்கி, தண்டுக்குக் கீழே நாலு மூலையிலும் ஒவ்வொரு கடதாசித் துண்டு வைத்து மெல்ல அழுத்தி இழுத்துப் பாருங்கள். நாலும் பிடித்தால் சரி. ஒரு பக்கத் துண்டு வழுக்கிக்கொண்டு வந்தால் பிழை வார்ப்பில்தான் இருக்கிறது.

அப்படியானால் அந்தக் கடதாசிச் சோதனையைப் படமெடுத்து வையுங்கள். விளம்பரத்தையும் உரையாடலையும் அவர் அழிக்கும் முன் ஸ்கிரீன்ஷொட் எடுத்துவிடுங்கள். பணம் அனுப்பிய வங்கிச் சீட்டும் வேண்டும். முதலில் விற்றவருக்கு எழுத்தில் ஒரு திகதி கொடுத்து மாற்றித் தரக் கேளுங்கள். மசியாவிட்டால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடுங்கள். அவர்களின் தொலைபேசி 1977. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி பொருளை வாங்கி மூன்று மாதத்துக்குள் முறைப்பாடு போக வேண்டும். "பார்க்கிறேன், பார்க்கிறேன்" என்று இழுப்பவர்களில் சிலருக்கு அந்த மூன்று மாதக் கணக்கு நன்றாகத் தெரியும். அதே சட்டத்தின்படி நீங்கள் கேட்டால் வியாபாரி பற்றுச்சீட்டு தந்தே ஆக வேண்டும்.

மற்ற வாசகர்களுக்கும் சேர்த்து: என்ன வேலைக்கு வாங்குகிறீர்கள் என்பதை விற்பவருக்குச் சொல்லி, முடிந்தால் பற்றுச்சீட்டிலேயே எழுதுவியுங்கள். வேலையைச் சொல்லி விற்பவரின் அனுபவத்தை நம்பி வாங்கிய பொருள் அந்த வேலைக்கு உதவ வேண்டும் என்பது 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்தில் இருந்தே உள்ளது. சொல்லாமல் வாங்கினால் அந்தப் பிடி கையில் இருக்காது.

கேள்வி: பை தைக்கும் சிறு கடை. துணியில் வளையம் அடிக்க அரைத் தொன் போதுமா?

பதில்: தாராளம். மேசையோடு பொல்ட் போட்டுப் பூட்டிவிடுங்கள், சும்மா வைத்து இழுத்தால் பிரஸ் உங்கள் மடியில் வந்து விழும்.

கேள்வி: கொட்பே துறைமுகப் பக்கம் எங்கள் பட்டறை. புதுப் பிரஸ் வாங்கி ஒரு மாதத்தில் தண்டு சிவந்துவிட்டது. இது மட்டமான இரும்பா?

பதில்: இல்லை, எல்லாத் தண்டும் சிவக்கும். உடலுக்குத்தான் பெயின்ற், தண்டும் பல்லும் வெறும் உருக்கு. கடலுக்கு இவ்வளவு கிட்ட இருந்தால் உப்புக்காற்று ஒரே இரவில் வேலையைக் காட்டும். கிறீஸை அப்பாதீர்கள், அரத்தூளும் மணலும் அதில் ஒட்டி அரைக்கும். மாலையில் கடை பூட்டும்போது எஞ்சின் ஒயில் தொட்ட துணியால் தண்டை ஒரு தடவை துடைத்து, மேலே ஏற்றி விடாமல் முழுக்க இறக்கி, அடியில் ஒரு மரக்கட்டையில் நிற்க வைத்துவிட்டுப் போங்கள். ஏற்றி விட்டால் சில பிரஸ்களில் தண்டு தன் பாரத்திலேயே இறங்கிப் பிடியைச் சுழற்றிவிடும், காலையில் இருட்டில் உள்ளே வருகிறவரின் நெற்றிக்கு நேராக. ஐப்பசியில் வாடை தொடங்கி மழை விடும் வரை காலையிலும் ஒரு தடவை துடையுங்கள்.