விடியற்காலையில் மட்டும் எடுக்காத வண்டி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணே, எனக்குத் தங்கச்சிமடம். பாம்பனில் மீன் எடுத்து உச்சிப்புளி, ராமநாதபுரம் பக்கம் தெருத்தெருவாக விற்கிறேன். 125 சிசி வண்டி, வாங்கி எட்டு வருசம் ஆகிறது. விடியற்காலை நாலு மணிக்கு செல்ஃப் அமுக்கினால் 'டிக்' என்று ஒரே ஒரு சத்தம், அவ்வளவுதான். கிக்கர் அடித்தால் எடுக்கும், ஆனால் சில நாள் கால் வலிக்கிற வரைக்கும் உதைக்க வேண்டியிருக்கிறது. பத்து மணிக்கு மேல் அதே செல்ஃப் ஒரே அமுக்கில் எடுக்கிறது. பேட்டரி புதுசு போட்டேன், செல்ஃப் மோட்டாருக்குக் கரண்டைத் திறந்துவிடுகிற ரிலே மாற்றினேன், பத்து நாள் நன்றாக இருந்தது, மறுபடி அதே கதை. மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் அங்கே ஒழுங்காக எடுக்கிறது. இப்போது ஸ்டார்டர் மோட்டார் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார்கள். மாற்றட்டுமா?

பதில்: இப்போதைக்கு மாற்றாதீர்கள் தம்பி. மோட்டாருக்குள் கரண்டைக் கடத்துகிற கார்பன் பிரஷ் தேய்ந்தால் அதுவும் விட்டுவிட்டு வேலை செய்யும், அதனால் மோட்டார் மேல் சந்தேகமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் தேய்ந்த பிரஷ் மணி பார்க்காது, காலையிலும் மக்கர் பண்ணும், மதியமும் பண்ணும். உங்கள் வண்டி மணி பார்த்து மக்கர் பண்ணுகிறது. ராத்திரி ஈரம் இறங்கியபோது எடுக்கவில்லை, வெயிலில் காய்ந்ததும் எடுக்கிறது என்றால் கோளாறு பெரும்பாலும் பாகத்தில் இல்லை, பாகத்தையும் வயரையும் சேர்க்கிற இணைப்பில் இருக்கிறது.

நம் கரையில் இதற்குக் காரணம் தேட வேண்டியதே இல்லை. கடல் காற்றில் வருகிற உப்பு வண்டியின் ஒவ்வொரு போல்ட்டிலும், வயரோடு வயரைச் சேர்க்கிற கப்ளரிலும் மெல்லிய படலமாக உட்கார்ந்திருக்கிறது. காற்றில் ஈரம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பே தானாக நீரை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும், கடல் உப்பில் மெக்னீசியமும் இருப்பதால் அது இன்னும் சீக்கிரமே கசியும். விடியற்காலையில் உங்கள் வண்டியின் இணைப்புகள் எல்லாம் உப்புத் தண்ணீரில் நனைந்து நிற்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். பாம்பன் ரயில் பாலத்தின் இரும்பையே 1914-லிருந்து இந்தக் காற்று அரித்தது, பைக்கில் இருக்கிற செம்புக் கம்பி எம்மாத்திரம். போதாததற்கு உங்கள் வண்டியில் மீன் பெட்டி வேறு இருக்கிறது. ஐஸ் உருகி வழிகிற தண்ணீர் கேரியரில் இறங்கி, சீட்டுக்கு அடியில் பேட்டரியும் ரிலேயும் இருக்கிற இடத்துக்குத்தான் நேராகப் போகிறது.

அந்தப் பத்து நாள் ஏன் நன்றாக இருந்தது என்று யோசித்தீர்களா? புது பேட்டரி மாட்டும்போது டெர்மினலைச் சுரண்டியிருப்பார்கள், ரிலே மாற்றும்போது வயர்களை ஆட்டி இழுத்திருப்பார்கள். அதில் எங்கேயோ ஒரு இணைப்பு கொஞ்சம் ஒட்டியது, உப்பு ஏறியதும் மறுபடி விட்டது. நீங்கள் கொடுத்த காசு பேட்டரிக்கு, குணமானது அந்தச் சுரண்டலால்.

சரி, எங்கே என்று கண்டுபிடிப்பது எப்படி? வண்டி எடுக்காத அந்த நாலு மணிக்கே பார்க்க வேண்டும், மதியம் பார்த்துப் பிரயோசனம் இல்லை. சாவியைப் போட்டு, ஹெட்லைட்டைச் சுவரில் விழவைத்து (இன்ஜின் ஓடினால்தான் ஹெட்லைட் எரியும் வண்டி என்றால் மீட்டரில் நியூட்ரல் லைட்டைப் பார்த்து) செல்ஃபை அமுக்குங்கள். வெளிச்சம் படுத்துப்போய் மங்கினால் பேட்டரியில் சார்ஜ் இல்லை, அல்லது மோட்டார் இறுகியிருக்கிறது. லைட், இண்டிகேட்டர் எல்லாமே மொத்தமாக அணைந்து, கையை எடுத்ததும் திரும்ப வந்தால் பேட்டரி டெர்மினலிலோ எர்த் வயரிலோ இணைப்பு சரியில்லை. 'டிக்' என்ற சத்தம் மட்டும் வந்து வெளிச்சம் கொஞ்சமும் அசையாமல் நின்றால், பேட்டரியில் கரண்ட் இருக்கிறது, மோட்டாருக்குப் போய்த் திரும்பி வருகிற பாதையில் எங்கேயோ அடைப்பு. உங்கள் வண்டியில் இதுதான் நடக்கும் என்று நினைக்கிறேன்.

திரும்பி வருகிற பாதை என்று ஏன் சொல்கிறேன் என்றால், சிவப்பு வயரை எல்லாரும் பார்க்கிறார்கள், எர்த் வயரை யாரும் பார்ப்பதில்லை. பேட்டரியின் மைனஸிலிருந்து ஒரு தடித்த கறுப்பு வயர் போய் இன்ஜினிலோ ஃப்ரேமிலோ ஒரு போல்ட்டில் உட்காரும். 35 வாட் ஹெட்லைட்டுக்கு 3 ஆம்பியர் போதும், அதை அரைகுறை இணைப்பும் கடத்திவிடும். செல்ஃப் மோட்டார் சுற்ற ஆரம்பிக்கும்போது இழுப்பதோ பல பத்து ஆம்பியர். அதற்கு அந்த இணைப்பு போதாது.

போன ஐப்பசி மழையில் இதே மாதிரி ஒரு வண்டி என்னிடம் வந்தது, அதுவும் மீன் வண்டிதான். எர்த் போல்ட் வெளியில் பார்க்கப் பளிச்சென்று இருந்தது, ஏற்கெனவே ஒருவர் உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருக்கிறார். ஆனால் போல்ட்டில் மாட்டுகிற நுனி வளையத்துக்குப் பக்கத்தில் வயரைப் பிடித்தால் பிளாஸ்டிக் உறை விறைப்பாக இல்லை, உள்ளே ஒன்றும் இல்லாதது போல நசுங்கியது. பிளேடால் கீறிப் பார்த்தேன். செம்பு என்று சொல்லவே முடியாது, பச்சைப் பொடி, நடுவில் கறுத்த நாலைந்து இழை மட்டும் மிச்சம். விரல் நீளத்துக்கு உள்ளே வரைக்கும் அப்படித்தான். உறைக்குள் புகுந்த உப்புத்தண்ணீர் இழை வழியாகவே ஏறிப்போகிறது. கறுத்த பகுதியை வெட்டிவிட்டு, நீளம் போதாததால் புதுத் தடித்த வயர் போட்டு, வளையத்தை நசுக்கி, ஈயம் வைத்து, சூட்டில் சுருங்குகிற உறை போட்டு மாட்டினேன். அந்த அண்ணன் அதுவரைக்கும் ரெண்டு பேட்டரி வாங்கியிருந்தார். எனக்கு மனசே ஆறவில்லை.

எர்த் வயரைக் கழற்றாமலேயே சோதிக்கலாம். வண்டியை நியூட்ரலில் போட்டு, கார் ஜம்பர் கேபிள் ஒன்றின் ஒரு முனையைப் பேட்டரி மைனஸிலும் மறு முனையை இன்ஜினில் பெயிண்ட் இல்லாத ஒரு போல்ட்டிலும் கடித்துப் பிடிக்க வையுங்கள். செல்ஃப் கும்மென்று சுற்றினால் எர்த்தான் குற்றவாளி. முனை மாறிப் பிளஸ்ஸில் பட்டுவிடக் கூடாது, தீப்பொறி பறக்கும், இருட்டில் கவனம். மல்டிமீட்டர் வைத்திருப்பவர் கிடைத்தால் 20 வோல்ட் டிசியில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரி மைனஸிலும் இன்னொன்றை இன்ஜினிலும் தொட்டுக்கொண்டு செல்ஃப் அமுக்கச் சொல்லுங்கள். 0.2, 0.3 வோல்ட் காட்டினால் பரவாயில்லை, அரை வோல்ட்டைத் தாண்டினால் அந்த வயரைப் பிரித்தே ஆக வேண்டும். எர்த் சுத்தமாக இருந்தால் அதே சோதனையைப் பேட்டரி பிளஸ்ஸுக்கும் மோட்டார் டெர்மினலுக்கும் நடுவில் செய்யுங்கள், ரிலேயும் சிவப்பு வயரும் அதில் தெரிந்துவிடும். இரண்டும் சரி, அப்போதும் மோட்டார் சுற்றவில்லை என்றால் மோட்டாரைத் திறக்கலாம். அப்போதும் முழு மோட்டார் வாங்காமல் முதலில் பிரஷ் மட்டும் மாற்றிப் பாருங்கள்.

கிக்கரிலும் சில நாள் அடம் பிடிக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பிளக் கேப்பைப் பிடுங்கி உள்ளே பாருங்கள், வெடிப்பு இருந்தாலோ பச்சை பிடித்திருந்தாலோ பிளக்குக்குப் போக வேண்டிய கரண்ட் ஈரம் வழியாக வெளியே கசிகிறது. கேப் விலை குறைவு, யோசிக்காமல் மாற்றுங்கள்.

இணைப்பைச் சுத்தம் செய்து இறுக்கிய பிறகு மேலே வாசலின் தடவுங்கள், தடவிவிட்டு இறுக்காதீர்கள். மீன் பெட்டிக்கு ஒரு குழாய் வைத்துத் தண்ணீரைச் சக்கரத்துக்குப் பின்னால் தரையில் விழுகிற மாதிரி இறக்கிவிடுங்கள். அப்புறம், நம் பக்கம் நிறைய இடத்தில் போர் தண்ணீரே உப்பு, அதைப் பீய்ச்சி வண்டி கழுவினால் கழுவாமல் இருப்பதே மேல். காவிரித் தண்ணீர் அரை வாளி போதும், துணியை நனைத்துத் துடையுங்கள். டீசலோ பழைய ஆயிலோ அடியில் அடிக்கும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள், இரும்புக்கு நல்லது என்று அடிக்கிறோம், ரப்பர் உப்பிக் கெடுகிறது.

கேள்வி: நான் கீழக்கரையில் ஆசிரியையாக இருக்கிறேன். பிஎஸ் 6 ஸ்கூட்டர். வாரத்தில் ஒரு நாளாவது செல்ஃப் அமுக்கினால் சத்தமே வராது. நாலைந்து முறை அமுக்கினால் எடுத்துவிடும். பள்ளிக்கு நேரமாகும்போது அழுகையே வருகிறது. பேட்டரியா அண்ணே?

பதில்: சத்தமே இல்லை என்பதால் பேட்டரியை முதலில் சந்தேகப்பட வேண்டாம் தங்கச்சி. ஸ்கூட்டரில் பிரேக் பிடித்தால்தான் செல்ஃப் வேலை செய்யும், பிடித்திருக்கிறீர்கள் என்று வண்டிக்குச் சொல்வது லீவருக்கு அடியில் இருக்கிற சின்ன சுவிட்ச். அடுத்த முறை எடுக்காதபோது பிரேக்கைப் பிடித்துக்கொண்டு பின்னால் திரும்பிப் பாருங்கள். பிரேக் லைட் எரியவில்லை என்றால் பெரும்பாலும் அந்த சுவிட்ச்தான். இடது லீவரில் எரியாமல் வலதில் எரிந்தால் வலதைப் பிடித்து எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போங்கள், சாயங்காலம் மாற்றிக்கொள்ளலாம். பிரேக் லைட் எரிந்தும் எடுக்கவில்லை என்றால் சைடு ஸ்டாண்டைப் பாருங்கள், அதிலும் சுவிட்ச் உள்ள மாடல் நிறைய. ஸ்டாண்டு போட்டிருப்பதாக நினைத்து வண்டி எடுக்க விடாது. கடற்கரை மணல் அதில் புகுந்தால் இதேதான் நடக்கும். துணியால் துடைத்து நாலு முறை மேலும் கீழும் ஆட்டிவிடுங்கள்.

கேள்வி: தொண்டியிலிருந்து எழுதுகிறேன். வெளிநாட்டிலிருந்து பதினோரு மாதம் கழித்து வந்திருக்கிறேன். பழைய கார்புரேட்டர் வண்டி. எடுக்கிறது, நாலைந்து கிலோமீட்டரில் நின்றுவிடுகிறது, கொஞ்ச நேரம் விட்டால் மறுபடி எடுக்கிறது. என்ன செய்ய?

பதில்: நின்ற இடத்திலேயே டேங்க் மூடியைத் திறங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே போகிற சத்தம் கேட்டு, உடனே எடுத்தால், மூடியில் இருக்கிற காற்றுத் துளையைப் பூச்சியோ துருவோ அடைத்திருக்கிறது. ஊசியால் குத்தி விட்டால் போதும். சத்தம் இல்லையென்றால், கார்புரேட்டர் அடியில் இருக்கிற டிரெயின் ஸ்க்ரூவைத் திறந்து கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் பிடித்து அசையாமல் வையுங்கள். இப்போது வருகிற பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது, அது ஈரத்தை இழுக்கும், கடலோரத்தில் பதினோரு மாதம் என்றால் டேங்க் நிறையவே குடித்திருக்கும். பாட்டிலின் அடியில் தனியாக ஒரு அடுக்கு தெரிந்தால் டேங்கை முழுசாக வடித்துவிட்டு, கார்புரேட்டரைக் கழற்றி, பெட்ரோல் போகிற சின்னத் துளையான ஜெட்டைச் சுத்தம் செய்து, புது பெட்ரோல் ஊற்றுங்கள். டேங்குக்குள் டார்ச் அடித்துத் துருவையும் பாருங்கள். துரு இருந்தால் பெட்ரோல் ஃபில்டரையும் சேர்த்து மாற்ற வேண்டும்.