முனை வெட்டிய கனசதுரத்தின் விளிம்பு நீளத்தைக் கணக்கிடுவது எப்படி?

12 செ.மீ. விளிம்புள்ள கனசதுரத்தின் எட்டு முனைகளையும் வெட்டி, எல்லா விளிம்பும் சமமாக வர வேண்டும், எவ்வளவு வெட்டுவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில், விளிம்பில் மூன்றில் ஒரு பங்கை வெட்டினால் போதும் என்ற நினைப்பை விட்டுவிடுங்கள். அதை நம்பி ஒரு தெர்மாகோல் கட்டியை வீணாக்கியவன் நான். ஒவ்வொரு முனையிலிருந்தும் 4 செ.மீ. அளந்து சீவினேன். பழைய விளிம்பில் மிச்சம் 4 செ.மீ.; சீவிய இடத்து முக்கோணத்தின் பக்கமோ 5.66 செ.மீ. சதுர முகம் வெட்டுக்குப் பின் எண்கோணமாகிறது; அதன் பக்கங்கள் நெட்டையும் குட்டையுமாக நின்றன.

முப்பரிமாணப் படம் போட்டுக் குழம்ப வேண்டாம், ஒரு சதுர முகத்தை மட்டும் தாளில் வரையுங்கள். மூலையிலிருந்து இரு பக்கமும் 'வெ' தூரம் தள்ளிப் புள்ளி வைத்து இணைத்தால் சின்னச் செங்கோண முக்கோணம் கிடைக்கும். அதன் கர்ணம் √2 வெ. இதுதான் புது விளிம்பு. பழைய விளிம்பில் இரு முனையிலும் வெட்டு விழுவதால் மிச்சம் 12 − 2வெ. (இந்த 2-ஐ மறந்துவிட்டுத்தான் பலரும் தப்பான விடைக்குப் போகிறார்கள்.) இரண்டும் சமம் என்றால்:

12 − 2வெ = √2 வெ
வெ = 12 ÷ (2 + √2) ≈ 3.515 செ.மீ.

புது விளிம்பு சுமார் 4.97 செ.மீ.

சரி, அப்போது மூன்றில் ஒரு பங்கு எங்கிருந்து வந்தது? முகங்கள் சமபக்க முக்கோணமாக இருக்கும் நான்முகி, எண்முகி, இருபதுமுகியிலிருந்து. அங்கே மூலைக் கோணம் 60°, வெட்டுக்கோடும் 'வெ' நீளமே. ஆகவே விளிம்பை மூன்றாகப் பிரித்தால் போதும். இருபதுமுகியை அப்படி வெட்டினால் கால்பந்து வடிவம் வந்துவிடும். ஐங்கோண முகங்களுள்ள பன்னிருமுகியில் மூலை 108°, வெட்டுக்கோடு 1.618 வெ, அதாவது பொன் விகிதம். எனவே விளிம்பை 3.618-ஆல் வகுக்க வேண்டும். அதில் புது விளிம்பு, பழைய விளிம்பை √5-ஆல் வகுத்தால் வருவதற்குச் சமம். முதல் தடவை நம்பாமல் இரண்டு முறை போட்டுப் பார்த்தேன்.

அப்புறம் ஓர் எச்சரிக்கை. கனசதுரத்தை விளிம்பின் நடுப்புள்ளி வரை வெட்டினால் முக்கோணமும் சதுரமும் மாறி மாறி வரும் 14 முக வடிவம் கிடைக்கும். அதன் முனைகளையும் இதே முறையில் வெட்டலாம் என்று இறங்காதீர்கள். முக்கோண முகத்தில் வெட்டுக்கோடு 'வெ', சதுர முகத்தில் √2 வெ. புதிதாக வரும் முகம் நீள்சதுரமாகத்தான் இருக்கும், 'வெ'-ஐ எப்படி மாற்றினாலும்.