பழைய ஸ்போர்ட்ஸ் காரின் எஞ்சின் மவுண்ட்: வீட்டில் மாற்றுகிறவர்களின் கேள்விகளும் பதில்களும்

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களிடமிருந்து எஞ்சின் மவுண்ட், அதாவது எஞ்சினை வண்டியில் தாங்கி அதன் அதிர்வை விழுங்கும் ரப்பர் தாங்கி, பற்றிக் கேள்விகள் நிறைய வந்திருக்கின்றன. எல்லோருக்கும் பொதுவாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். புது மவுண்ட் வாங்கும் முன், பழையது எதனால் போனது என்று பாருங்கள். ஆயிலில் ஊறிப் போனதா, எக்ஸாஸ்ட் சூட்டில் வெந்ததா, வயதாகி விட்டுப்போனதா? முதல் இரண்டில் ஒன்று என்றால், காரணத்தைச் சரிசெய்யாமல் புதிது போட்டுப் பயனில்லை. அதுவும் அதே வழியில்தான் போகும்.

என்னிடம் 1972 எம்ஜிபி இருக்கிறது. ஐடிலில் ஸ்டியரிங் நடுங்குகிறது, கிளட்சை விடும்போது வண்டி உதறுகிறது. கோளாறு மவுண்டிலா, கிளட்சிலா?

இரண்டுமே இப்படித்தான் உதறும். பிரித்துப் பார்க்க ஒரு சோதனை இருக்கிறது. பானெட்டைத் திறந்து, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஹேண்ட் பிரேக்கை இறுக்குங்கள். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பிரேக்கை அழுத்தியபடி முதல் கியரில் கிளட்சை மெதுவாக, எஞ்சின் இழுக்க ஆரம்பிக்கும் அளவு மட்டும் விடட்டும். அப்புறம் ரிவர்ஸில் அதேபோல. நீங்கள் பக்கவாட்டில் நின்று பாருங்கள். வண்டிக்கு முன்னாலோ பின்னாலோ யாரும் நிற்கக் கூடாது. எஞ்சின் இரு பக்கமும் கொஞ்சம் அசைவது இயல்பு. ஒரு பக்கம் மட்டும் மேலே எழும்பி, விட்டதும் டொக்கென்று உட்கார்ந்தால் அந்த மவுண்ட் போய்விட்டது.

பிறகு டார்ச் அடித்து ரப்பரைப் பாருங்கள். மேலே மயிரிழை போல வெடிப்பு இருந்தால் பயப்பட வேண்டாம். ரப்பரும் இரும்புத் தகடும் ஒட்டியிருக்கும் கோடுதான் முக்கியம். அங்கே ஸ்குரூடிரைவர் முனை உள்ளே போனால் மாற்றியாக வேண்டும். ரப்பர் கறுத்து, வீங்கி, தொட்டால் பிசுபிசுத்தால் ஆயில் குடித்திருக்கிறது. இந்த எஞ்சினில் டேப்பெட் (வால்வுகளை இயக்கும் பாகம்) மூடிகள் இடப்பக்கம், மேனிஃபோல்டுக்குக் கீழே ஒளிந்திருக்கின்றன. அவற்றின் கேஸ்கெட்டை முதலில் சந்தேகப்படுங்கள். மவுண்ட் இரண்டும் நன்றாக இருந்து, உதறல் மட்டும் நிற்கவில்லை என்றால் கிளட்ச் பக்கம் போகலாம்.

எஞ்சினைத் தூக்க ஆயில் சம்புக்கு அடியில் ஜாக்கி வைக்கலாமா? வீட்டில் கிரேன் இல்லை.

எம்ஜிபியில் சம்ப், அதாவது எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டி, இரும்புத் தகடு. ஜாக்கியின் தலையை நேராக வைத்தால் குழிந்துவிடும். ஆயில் உறிஞ்சும் சல்லடை அடித்தட்டுக்கு நெருக்கமாகவே இருப்பதால் குழிவு ஆயில் ஓட்டத்தையே பாதிக்கலாம். சம்பின் அடிப்பரப்பு முழுவதும் படுகிற மாதிரி கனமான பலகை வையுங்கள். டிரெயின் பிளக் மேல் பாரம் வரக் கூடாது. வண்டி சமதளத்தில், ஸ்டாண்டுகள் மேல் நிற்க வேண்டும். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்கவே கூடாது. எஞ்சினுக்கும் சேசிஸுக்கும் நடுவே விரலை விடவும் கூடாது. வேலை முடிந்துவிடும் என்ற அவசரத்தில்தான் விரல் போகிறது.

தூக்கும் முன் பேட்டரியைக் கழற்றுங்கள். அது சீட்டுக்குப் பின்னால் இருக்கிறது, அந்தக் காலத்து வண்டிகளில் 6 வோல்ட் பேட்டரி இரண்டு. ஃபேனுக்கும் ரேடியேட்டருக்கும் இடையே கனமான அட்டையைச் செருகுங்கள். எஞ்சின் முன்னே சாய்ந்தால் இறக்கை கிழிப்பது ரேடியேட்டரைத்தான். ஆக்சிலரேட்டர், சோக் கேபிள்கள், ஹீட்டர் ஹோஸ், எக்ஸாஸ்ட் குழாய் ஆகியவற்றில் எது முதலில் இழுபடும் என்று ஒவ்வொரு பம்ப்புக்கும் நிறுத்திப் பாருங்கள். பாரம் மவுண்டை விட்டு விலகினால் போதும், அதற்கு மேல் கொஞ்சம் இடம் கிடைத்தால் சரி. எஞ்சினை வெளியே எடுக்கவா போகிறோம்?

நட்டுகளுக்கு இரண்டு மூன்று நாள் முன்பிருந்தே துரு விடுவிக்கும் எண்ணெய் அடித்து வையுங்கள். இந்த வண்டியில் பெரும்பாலும் யுஎன்எஃப் எனும் அங்குல அளவு மரை. அரை அங்குல நட்டில் 13 மில்லிமீட்டர் ஸ்பேனரைப் போட்டால் 0.3 மில்லிமீட்டர் ஆட்டம் இருக்கும், துருப்பிடித்த நட்டின் முனை மழுங்க அது போதும். அங்குல செட் வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்டியரிங் தண்டு போகிற பக்கம் கை நுழைவது சிரமம், அந்தப் பக்கத்துக்குத்தான் நேரம் பிடிக்கும். இடையில் பேக்கிங் தகடு இருந்தால் எந்தப் பக்கம், எந்த வரிசையில் இருந்தது என்று போட்டோ எடுங்கள்.

புதிதைப் போட்டதும் உடனே இறுக்க வேண்டாம். எல்லா நட்டையும் கையால் ஏற்றி, எஞ்சினை இறக்கி, முழு பாரமும் உட்கார்ந்த பின் இரண்டு முறை குலுக்குங்கள். அது தானாகவே தன் இடத்தைத் தேடிக்கொள்ளும். அப்புறம் மேனுவலில் சொன்ன டார்க்கில் (முறுக்கு விசை அளவில்) இறுக்குங்கள். தொங்கும்போதே இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு நின்று, முதல் நாளிலிருந்தே கிழியத் தொடங்கும்.

இரண்டு மவுண்டும் மாற்றிய பிறகு ஸ்டார்ட்டர் மெதுவாகச் சுற்றுகிறது. சோக் கேபிள் தொட முடியாத அளவு சூடாகிறது. என்ன தப்பு செய்தேன்?

உடனே ஸ்டார்ட் செய்வதை நிறுத்துங்கள். எர்த் பட்டையை மாட்ட மறந்திருக்கிறீர்கள், அல்லது பெயின்ட் மேல் மாட்டியிருக்கிறீர்கள். மவுண்டில் ரப்பர் இருப்பதால் எஞ்சினுக்கும் பாடிக்கும் அதன் வழியே மின்தொடர்பு கிடையாது. பின்னிய செம்புப் பட்டை ஒன்றுதான் அதை இணைக்கிறது. அது இல்லையென்றால் ஸ்டார்ட்டரின் மொத்த கரன்ட்டும் சோக் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகத் திரும்பிப் போகப் பார்க்கும். கேபிள் உள்ளேயே உருகி ஒட்டிக்கொண்டால், ஓடும்போது ஆக்சிலரேட்டர் திரும்பாமல் நின்றுவிடும். பட்டையின் இரு முனைகளையும் உலோகம் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து மாட்டுங்கள். இரண்டு கேபிள்களும் தடங்கலின்றி ஓடுகின்றனவா என்று சோதித்த பிறகே வண்டியை எடுங்கள்.

போர்ஷே 944-க்குப் புது மவுண்ட் போட்டும் நடுக்கம் முழுதாகப் போகவில்லை.

944-இல் இருப்பது உள்ளே திரவம் அடைத்த மவுண்ட். திரவம் கசிந்தால் எஞ்சின் கீழே அமர்ந்துவிடும். எஞ்சின் வலப்பக்கம் 30 டிகிரி சாய்ந்திருக்கிறது, எக்ஸாஸ்ட்டும் அதே பக்கம். அந்தப் பக்கத்து மவுண்ட் எப்போதும் சூட்டிலேயே இருக்கிறது. சூடு தடுக்கும் தகட்டை யாராவது கழற்றிவிட்டிருந்தால் திரும்ப மாட்டுங்கள்.

புது மவுண்டுக்குப் பிறகும் நடுங்கினால் பேலன்ஸ் ஷாஃப்ட் பெல்ட்டைப் பாருங்கள். நாலு சிலிண்டர் எஞ்சினின் அதிர்வை அடக்க போர்ஷே மிட்சுபிஷியிடம் உரிமம் பெற்று இரண்டு பேலன்ஸ் ஷாஃப்ட்களை வைத்தது. எஞ்சின் வேகத்தைப் போல இரண்டு மடங்கில் அவை சுற்றும். பெல்ட் ஒரு பல் தள்ளி மாட்டியிருந்தாலே, அதிர்வை அடக்க வேண்டியவை அதைக் கூட்டிவிடும். இந்த எஞ்சினின் சம்ப் அலுமினியம், ஜாக்கி வேண்டாம். ஃபெண்டர் விளிம்புகள் மேல் குறுக்குச் சட்டம் வைத்து மேலிருந்து தொங்கவிடுங்கள்.

ரப்பருக்குப் பதில் பாலியூரிதேன் போடலாமா?

ரேஸ் ஓட்டினால் போடலாம். சாலையில் ஓட்டுகிறவர்களுக்கு நான் பரிந்துரைப்பதில்லை. நாலு சிலிண்டர் எஞ்சின் 800 ஆர்பிஎம் ஐடிலில் நொடிக்குச் சுமார் 27 முறை அதிர்கிறது. ரப்பர் விழுங்கிக்கொண்டிருந்த அந்த அதிர்வைக் கெட்டியான மவுண்ட் நேராக பாடிக்கு அனுப்பிவிடும். கண்ணாடியில் பின்னால் வரும் வண்டி தெரியாது, டேஷ்போர்டு ஸ்குரூக்கள் ஒவ்வொன்றாகத் தளரும். டாட்சன் 240இசட் போன்ற நேர்வரிசை ஆறு சிலிண்டர் இயல்பிலேயே சமநிலையானது என்பதால் இவ்வளவு தெரியாது. அப்படியும், நல்ல ரப்பர் மவுண்ட் கிடைக்கும்வரை நான் ரப்பர் பக்கம்தான்.

பிரிக்காத பெட்டியில் அசல் கம்பெனி மவுண்ட் கிடைத்திருக்கிறது, நாற்பது வருடப் பழசு. வாங்கலாமா?

வேண்டாம். ரப்பருக்குப் பெட்டிக்குள்ளும் வயதாகும். காட்சிக்கு வைக்க வாங்குங்கள், எஞ்சினைத் தாங்க வேண்டாம்.

ஒரு பக்கம்தான் கிழிந்திருக்கிறது. அதை மட்டும் மாற்றினால் போதாதா?

இரண்டையும் மாற்றுங்கள். ஒரு பக்கம் புதிது, மறுபக்கம் தளர்ந்தது என்றால் எஞ்சின் சாய்ந்தே நிற்கும். கியர் பாக்ஸ் மவுண்டையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5. கியர் பாக்ஸ் மவுண்டைத் தேடினேன், காணவே இல்லை!

இல்லாததைத் தேடியிருக்கிறீர்கள். இந்த வண்டியில் கியர் பாக்ஸையும் பின் டிஃபரென்ஷியலையும் நீண்ட அலுமினியச் சட்டம் ஒன்று இணைக்கிறது. முன்னால் இரண்டு எஞ்சின் மவுண்ட், பின்னால் டிஃபரென்ஷியலைத் தாங்கும் ரப்பர் புஷ்கள், அவ்வளவுதான். எஞ்சினை முன்னால் தூக்கும்போது முழு நீளமும் பின்னாலிருக்கிற புஷ்களை மையமாக வைத்துத் திரும்பும். அதனால் கொஞ்சமாகத் தூக்குங்கள். முப்பது வருடம் கடந்த வண்டி என்றால் அந்த புஷ்களின் ரப்பரையும் டார்ச் அடித்துப் பாருங்கள்.