கேபிளை எரித்துச் செம்பு எடுக்கலாமா?

கேள்வி: வீட்டில் ஒரு பெட்டி நிறையப் பழைய கணினி கேபிள்கள் சேர்ந்துவிட்டன. மேலுறையை எரித்துவிட்டு உள்ளே இருக்கும் செம்பை விற்றுவிடலாம் என்கிறான் என் மகன். செய்யலாமா?
– ஒரு வாசகி

பதில்: வேண்டவே வேண்டாம், சகோதரி. செம்பின் மதிப்பு மகனுக்குத் தெரிந்திருப்பது நல்லதுதான். ஆனால் அந்தப் புகை என்னவென்று அவருக்குத் தெரிய வேண்டும். மேலுறை பெரும்பாலும் பிவிசி பிளாஸ்டிக். அதில் குளோரின் உண்டு. தீயில் இட்டால் ஹைட்ரஜன் குளோரைடு கிளம்பிக் கண்ணையும் தொண்டையையும் அரிக்கும். அதைவிடக் கொடியது, அதே தீயில் உருவாகும் டையாக்சின் என்ற நஞ்சு. உள்ளிருக்கும் செம்பே அந்த நஞ்சு உருவாவதைத் தூண்டிவிடுகிறது! எளிதில் அழியாத நச்சு வேதிப்பொருள்களைக் கட்டுப்படுத்த உலக நாடுகள் 2001-இல் ஏற்ற ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை, இத்தகைய நஞ்சுகள் பிறக்கும் வழிகளில் ஒன்றாகச் செம்புக் கேபிள்களைப் புகைய எரிப்பதைப் பெயர் சொல்லியே பட்டியலிட்டிருக்கிறது. கானா நாட்டின் அக்போக்புளோஷி மின்னணுக் கழிவுக் கிடங்கில் கேபிள் கொளுத்திச் செம்பு எடுத்தவர்களில் சிறுவர்களும் இருந்தார்கள். அதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறுவதில்லை.

கத்தியால் உரிப்பதும் வீண் வேலை. டேட்டா கேபிளுக்குள் இருப்பவை முடி போன்ற மெல்லிய இழைகள். கை வலிக்குமே தவிர, செம்பு அதிகம் தேறாது.

கணினிப் பழுதுபார்ப்பில் பல காலம் இருந்தவன் என்பதால் சொல்கிறேன்: முதலில் பெட்டியைக் கொட்டித் தரம் பிரியுங்கள். கணினிக்கும் மானிட்டருக்கும் மின்சாரம் தரும் பவர் கார்டுகளில் பல இன்றைய கருவிகளுக்கும் அப்படியே பொருந்தும். நல்ல நெட்வொர்க் கேபிளும் ஹெச்டிஎம்ஐ கேபிளும் யாருக்காவது உதவும். உறை வெடித்த, முனை கருகிய பவர் கார்டை மட்டும் யாருக்கும் கொடுக்காதீர்கள். வேறு எவரும் எடுத்துச் செருகிவிடாதபடி பிளக்கை வெட்டிவிடுங்கள்.

மிஞ்சுவதை அனுமதி பெற்ற மின்னணுக் கழிவு மறுசுழற்சி நிலையத்தில் சேர்ப்பிக்க வேண்டும். முறையான ஆலையில் கேபிளைப் பொடிப்பொடியாக நறுக்கி, அதிர்வும் காற்றும் கொண்ட மேசையில் ஓட விடுவார்கள். கனமான செம்பு ஒருபுறமும் லேசான பிளாஸ்டிக் மறுபுறமுமாகப் பிரிந்துவிடும். தீக்கே வேலையில்லை. அந்தச் செம்பை உருக்கித் தூய்மைப்படுத்தினால் புதிய செம்புக்கு எந்த வகையிலும் குறைந்ததில்லை.

கொடுக்கும் முன் ஒன்றை மட்டும் தயங்காமல் கேளுங்கள்: "மேலுறையை எப்படி நீக்குகிறீர்கள்? அந்த பிளாஸ்டிக் எங்கே போகிறது?" பதில் மழுப்பலாக வந்தால் பெட்டியோடு திரும்பி வந்துவிடுங்கள். கேபிள் அழுகிப் போகும் பொருளல்ல. நம்பகமான இடம் கிடைக்கும்வரை பரண்மேல் இருக்கட்டும்.