ஏதென்ஸில் ஒரே மதியம்: மலை முதலிலா, மியூசியம் முதலிலா?

அக்ரோபோலிஸ் மியூசியம் முதலில், பழைய கோயில்கள் நிற்கும் அக்ரோபோலிஸ் மலை கடைசியில். ஜூலையில் மதியம் 1 மணிக்கு ஏதென்ஸில் இறங்கி மறுநாள் காலை கிளம்புகிறீர்கள், கூட வயதான அம்மா. இந்த வரிசையை மாற்றவே மாற்றாதீர்கள்.

உங்கள் நண்பர் 2 மணிக்குப் போய் அக்ரோபோலிஸ் கேட் பூட்டியிருந்தது என்றாரே, அதற்குப் பெரும்பாலும் வெயில்தான் காரணம். அனல் வீசும் நாட்களில் உச்சிவேளையில் மூடிவிடுகிறார்கள். 2023 ஜூலையிலும் மூடினார்கள். மேலே ஒதுங்க நிழலே கிடையாது.

மெட்ரோவில் அக்ரோபோலி நிலையத்தில் இறங்கினால் பக்கத்திலேயே மியூசியம், உள்ளே ஏசி. மலைக் கோயில் ஒன்றின் மண்டபத்தைத் தாங்கிய ஆறு கன்னிச் சிலைத் தூண்களில் அசல் ஐந்து இங்கேதான். மலையில் நிற்பவை நகல்கள். ஆறாவது லண்டனில். அவற்றின் முதுகில் தொங்கும் பின்னலை நின்று பாருங்கள்.

மலைக்கு டிக்கெட் நேரம் குறித்துத்தான் தருகிறார்கள். மாலை 5 மணிக்கு மேல் கிடைக்கிறதா என்று அதிகாரபூர்வத் தளத்தில் இப்போதே பாருங்கள். தென்கிழக்கு வாசல் மியூசியத்திலிருந்து நடை தூரம்தான். அம்மாவுக்குப் பிடிமானமுள்ள ஷூ கட்டாயம். பளிங்கு தேய்ந்து வழவழவென்று இருக்கும். என் மனைவி கால் வழுக்கி என் தோளைப் பிடித்துத்தான் நின்றாள்.

இறங்கியதும் அம்மாவுக்குத் தெம்பிருந்தால் எதிரே ஃபிலோபாப்பு குன்று. அந்தி வெயிலில் மலைமேல் இருக்கும் பார்த்தெனான் கோயில் தேன் நிறமாகும். பளிங்கில் இரும்புச் சத்து இருப்பதால் வரும் நிறம் அது.

ஒன்று மட்டும்: திங்கட்கிழமை மியூசியம் சீக்கிரம் மூடும். மலை திறந்திருக்கிறதா என்பதையும் நீங்கள் போகும் நாள் காலை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.