ஹிஸ்டோனும் புற்றுநோயும்: கேள்வி பதில்

கேள்வி: சார், ஹிஸ்டோன் என்றால் டிஎன்ஏவைச் சுற்றிவைக்கும் நூல்கண்டுதானே? அது கெட்டால் புற்றுநோய் எப்படி வரும்?

பதில்: நூல்கண்டு என்று நானும் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். அது பாதிதான் சரி. கண்டிலிருந்து வால்கள் நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றில் ஒட்டும் வேதிக்குறிகளைப் பொறுத்து மரபணுக்கள் திறக்கும், மூடும். நரம்பு செல்லும் எலும்பு செல்லும் ஒரே டிஎன்ஏவை வைத்துக்கொண்டு வேறுவேறாக இருப்பதில் இந்தக் குறிகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

கேள்வி: எச்3 என்ற ஹிஸ்டோன் புரதத்துக்கு நம்மிடம் பத்துக்கும் மேற்பட்ட மரபணுக்கள் உண்டாமே. ஒன்று பழுதானால் மற்றவை ஈடுகட்டாதா?

பதில்: அங்கேதான் சூட்சுமம். குழந்தைகளுக்கு மூளைத்தண்டில் வரும் டிஐபிஜி கட்டிகளில் சுமார் 80 சதவீதத்தில் ஒரே பிறழ்வு, அதாவது மரபணு மாற்றம், இருப்பது 2012இல் தெரியவந்தது. எச்3 வாலின் 27ஆவது இடத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் போய் மெத்தியோனின் என்ற வேறொன்று வந்திருக்கிறது, பெயர் கே27எம். செல்லின் மொத்த எச்3இல் இந்தப் பழுது சிறு பங்குதான். ஆனால் அந்த இடத்தில் மெத்தில் என்ற வேதிக்குறியை வைக்கும் பிஆர்சி2 நொதியையே அது முடக்கிவிடுகிறது. குடம் பாலில் துளி விஷம் போல.

திசுத்துண்டில் மெத்தில் குறிக்குச் சாயமேற்றிப் பார்த்தால் ரத்தக்குழாய் செல்களின் உட்கரு பழுப்பாகத் தெரியும். பக்கத்திலேயே கட்டி செல்களின் உட்கரு வெறும் நீலம். குறி அழிந்துபோனதால் மூடியிருக்க வேண்டிய மரபணுக்கள் திறந்துகிடக்க, செல் முதிராமல் இளநிலையிலேயே நின்று பெருகுகிறது. கட்டியைத் தடுக்கும் டிபி53 போன்ற மரபணுக்களில் வரும் மற்றப் பிறழ்வுகளும் துணைக்கு வருவதுண்டு.

கேள்வி: மூளையில் மட்டும்தானா?

பதில்: இல்லை, எலும்பிலும் உண்டு. 36ஆவது இடத்தில் மெத்தியோனின் வந்தால் காண்ட்ரோபிளாஸ்டோமா என்ற எலும்புக் கட்டி, பெரும்பாலும் பதின்வயதில். 34இல் கிளைசினுக்குப் பதில் டிரிப்டோபான் வந்தால் ஜயன்ட் செல் கட்டி. முழங்கால் பக்கம் அதிகம். இரண்டும் பொதுவாகப் பரவாதவை. அதே 34இல் ஆர்ஜினின் வந்தால் கதையே வேறு: பதின்வயதினரின் பெருமூளையில் கொடிய கட்டி.

கேள்வி: அண்ணன் மகனுக்கு கே27எம் என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. என் பிள்ளைகளுக்கும் சோதிக்கணுமா?

பதில்: அதற்காகத் தேவையில்லை அம்மா. அது பரம்பரையாக வருவதல்ல, கட்டி தொடங்கிய செல்லில் நேர்ந்தது. யார் செய்த தப்பும் அல்ல. இதை உங்கள் அண்ணியிடமும் சொல்லுங்கள்.

கேள்வி: மருந்து ஏதாவது?

பதில்: மூளைத்தண்டில் இந்தக் கட்டியை வெட்டியெடுக்க முடியாது; கதிர்வீச்சுதான் முதல் வழி. அப்புறமும் நோய் முற்றினால், கே27எம் உள்ளவர்களுக்கு டோர்டாவிப்ரோன் என்ற மருந்தைத் தர 2025 ஆகஸ்டில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ துரித அனுமதி தந்தது. சிலருக்குக் கட்டி சுருங்குகிறது. குணமாக்கும் மருந்து என்று நான் சொல்லமாட்டேன்.